ரெண்டு எஸ்டேட், ஒரு டீ

உங்க இன்ஸ்டா ஃபீடைக் கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. விரித்து வைத்த ஒரு புத்தகம், பக்கத்தில் ஆவி பறக்கும் ஒரு கப், பின்னாடி மழை ஜன்னல். இந்த போட்டோவை நீங்க போடாவிட்டாலும் உங்க கிளாஸில் நாலு பேராவது போட்டிருப்பாங்க. புத்தகத்துக்கு ஜோடி டீதான் என்று நம்ம செட் எப்பவோ முடிவு பண்ணிவிட்டது. அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும்: அந்தக் கப்பில் இருக்கிற இலையைப் பற்றியே ஒரு நாவல் இருக்கும்போது, ஒரு தடவையாவது அதைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடிச்சா என்ன?

நான் சொல்வது 'எரியும் பனிக்காடு'. பால் ஹாரிஸ் டேனியல் என்ற டாக்டர் எழுதியது. 1941-லிருந்து 1965 வரை வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். அங்கே தொழிலாளர்கள் சொன்ன பழைய கதைகளைக் கேட்டு, 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி 1969-ல் வெளியிட்டார். தமிழ்நாட்டு மலையில் தமிழ் ஆட்களுக்கு நடந்த கதை, தமிழில் வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரா. முருகவேள் மொழிபெயர்த்தார். பாலாவின் 'பரதேசி' படம் 2013-ல் வந்ததே, அதற்கு அடிப்படை இந்த நாவல்தான்.

"படம் பாத்துட்டேன், போதும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம் தொழிலாளர்கள் பக்கம் நின்று மாற்றம் கொண்டுவரப் பார்க்கிற ஆள். படத்தில் வரும் டாக்டர் பாட்டும் ஆட்டமுமாக மதம் பரப்புகிறவர். படம் வந்தபோதே இதைப் பலர் கேள்வி கேட்டார்கள். ஆகவே படம் பார்த்திருந்தாலும் நாவல் உங்களுக்குப் புதுசுதான்.

சரி, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற நமக்கு இதை ஏன் சொல்றேன்? நம்ம ஊரில் 'எஸ்டேட்' என்றால் எல்லாருக்கும் தெரிந்தது அம்பத்தூர் எஸ்டேட். லேத், பிரஸ், கார்மென்ட்ஸ், இப்போ ஐ.டி. கட்டடங்கள். வால்பாறைக்காரருக்கு 'எஸ்டேட்' என்றால் தேயிலை. வார்த்தை ஒண்ணு, இடம் ரெண்டு. ஆனால் அந்த எஸ்டேட்டில் விளைவதைத்தான் இந்த எஸ்டேட் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் குடிக்கிறது. இந்த ரெண்டு எஸ்டேட்டுக்கும் நடுவில் டீயைத் தவிர இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் ருசி.

ஃப்ளேவர் எதை மறைக்கிறது?

நம்ம காலேஜ் வாசலில் இருக்கிற கடைகளை எண்ணுங்க. இஞ்சி டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ, லெமன் டீ, புதினா டீ. கொஞ்சம் ஏ.சி. போட்ட கடை என்றால் சாக்லேட் டீ, ரோஸ் டீ, நீலக் கலரில் சங்குப்பூ டீ. அந்த நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். அது மேஜிக் கிடையாது. ஆசிட் பட்டதும் பூவில் இருக்கிற ஆந்தோசயனின் நிறம் மாற்றுகிறது, ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி. இதில் வேடிக்கை, சங்குப்பூ 'டீ'யில் பெரும்பாலும் ஒரு தேயிலை கூட இருக்காது. டீ என்ற பேர் மட்டும்தான்.

ஃப்ளேவர் சேர்ப்பதைக் கேவலமாகச் சொல்லவரவில்லை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கே விளைந்த நல்ல இலை நெடுங்காலம் கப்பல் ஏறிப் போனது. உள்ளூர் சந்தைக்கு மிஞ்சியதில் பெரும்பங்கு தூள். 1930-களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சின்னச் சின்ன உருண்டையாக்கும். அந்த டீ சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பாக இருக்கும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும். நம்ம டீ மாஸ்டர் துணி வடிகட்டியில் போடுகிற டஸ்ட் டீ அந்தக் குடும்பம்தான்.

டீ கம்பெனிகள் இந்தியர்களுக்கு டீப் பழக்கம் ஏற்படுத்த ஊர் ஊராகப் பிரசாரம் செய்த காலத்தில், கடைக்காரர்கள் இஞ்சியும் மசாலாவும் நிறையப் பாலும் சேர்ப்பது பிரசாரம் செய்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. காரணம் சிம்பிள்: மசாலா ஏறினால் தூள் குறைவாகச் செலவாகும். அதாவது ஃப்ளேவர் என்பது கம்மிக் காசில் ஒரு நல்ல டம்ளர் டீ போட ஏழைக் கடைக்காரர் கண்டுபிடித்த இன்ஜினியரிங். அதற்கு ஒரு சல்யூட் போடலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தில் எழுதியதைப் படித்தால், தமிழ்நாட்டில் காபி நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள்ளும் டீ உழைப்பாளி கைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காபிக் கடையை விட டீக்கடை ஏன் அதிகம் என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது.

இப்போ ஒரு சின்ன பரிசோதனை. அடுத்த முறை ரெண்டு பேர் சேர்ந்து கடைக்குப் போனால் ஒண்ணு இஞ்சி டீ, ஒண்ணு சர்க்கரை போடாத கட்டன் டீ சொல்லுங்க. முதலில் இஞ்சியைக் குடிங்க. தொண்டையில் காரம், நாக்கில் இனிப்பு, சுகமாக இறங்கும். அப்புறம் கட்டனை ஒரு வாய். கசப்பு, நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு, வாய் உலர்கிற மாதிரி ஒரு இழுப்பு. அதுதான் இலை. டீ ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் ஃப்ளேவர், சர்க்கரை எதுவும் சேர்க்காமல்தான் இலையை எடை போடுகிறார்கள். எல்லாம் சேர்த்த பிறகு இலையைப் பற்றி ஒண்ணும் சொல்ல முடியாது.

டீயைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளும் இப்படித்தான். பச்சைப் பசேல் மலை, பனி, கூடையுடன் சிரிக்கும் பெண், பாக்கெட்டில் அழகான ஃபான்ட். அதெல்லாம் ஃப்ளேவர். 'எரியும் பனிக்காடு' கட்டன்.

அட்வான்ஸ் என்ற மெஷின்

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். 1920-களின் நடுவில், திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்ற கிராமம். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி. ஒடுக்கப்பட்ட சாதி, நிலம் கிடையாது, வேலை கிடையாது. ஊருக்கு ஒரு மேஸ்திரி வருகிறார். மலையில் வேலை, நல்ல கூலி, வீடு, ஒரு வருஷத்தில் கை நிறையக் காசோடு திரும்பி வரலாம் என்கிறார். நம்பிக்கை வர, கையில் கொஞ்சம் முன்பணமும் கொடுக்கிறார். ரெண்டு பேரும் கிளம்புகிறார்கள். அதுக்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர்.

கொடுமைக் காட்சிகளை விட என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அந்த முன்பணம் வேலை செய்கிற விதம். அதை ஒரு சிஸ்டம் மாதிரி பிரித்துப் பார்த்தேன்.

முதல் நாளே தொழிலாளி கடனோடுதான் மலை ஏறுகிறார். முன்பணம், வழிச்செலவு, குளிருக்குக் கம்பளி எல்லாம் அவர் கணக்கில் ஏறும். அரிசி தோட்டத்திலேயே வாங்க வேண்டும், அதுவும் கணக்கில். காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை, ஆனால் சாப்பாட்டுச் செலவு நிற்காது. வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது வரவு குறைவு, பற்று அதிகம். கடன் தீராமல் கீழே இறங்க முடியாது. ஆகவே இன்னொரு வருஷம். அந்த வருஷமும் காய்ச்சல் வரும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவங்களுக்கு இது பழகின படம்: பாசிட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட்டே இன்புட்டாகத் திரும்பி வந்து தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளும். இதில் கணக்கு எழுதுகிறவர் ஒரு பக்கம், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர் மறுபக்கம். எழுதியதைச் சரிபார்க்க இவருக்கு எந்த சென்சாரும் இல்லை. ஓடிப்போகாமல் இருக்கக் காவலும் அடியும் உண்டுதான். ஆனால் காவல்காரன் தூங்கும்போதும் கணக்கு நோட்டு விழித்திருக்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் துல்லியமாக நடந்தது. அங்கே நம்ம ஆட்களைக் கூட்டிப் போனவர்கள் கங்காணிகள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவர் பேரில் இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய ஒரு சீட்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே வரும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள். நாம் தோளில் போடுகிற துண்டு, மீன் துண்டு என்றுதான் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். ஒரு ஆளையே கட்டிப்போட்ட துண்டு ஒன்றும் தமிழில் இருந்திருக்கிறது.

வேற கண்டம், அதே நோட்டு

நம்ம நாட்டில் மட்டும், வெள்ளைக்காரன் காலத்தில் மட்டும் நடந்த விஷயம் என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை உடைத்தது இன்னொரு பானம்.

மெஸ்ஸி கையில் ஒரு சுரைக்குடுவையும் உலோக ஸ்ட்ராவும் வைத்திருக்கிற போட்டோவைப் பார்த்திருப்பீங்க. அது மாத்தே. அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கம் அதுதான் நம்ம டீ. தேயிலைக்கும் அதற்கும் தாவரக் குடும்பமே வேற, ஆனால் காஃபீன் உண்டு. என் ரூம்மேட்டின் அண்ணன் ஆன்லைனில் எலுமிச்சை ஃப்ளேவர் போட்ட ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுவை இல்லாமல் ஸ்டீல் டம்ளரில் போட்டு, வடிகட்டி, 'எரியும் பனிக்காடு' பாதியில் இருக்கும்போது குடித்துப் பார்த்தேன். முதல் ரெண்டு நொடி எலுமிச்சை. அது போனதும் ஒரு புகை வாசனை, ஈர வைக்கோல் மாதிரி ஒரு பச்சை, பின்னாடி வேப்பங்கொழுந்தை ஞாபகப்படுத்துகிற கசப்பு. புகை வருவதற்குக் காரணம் இருக்கிறது: இலையை விறகு நெருப்பில் காய வைக்கிற பழக்கம் அங்கே உண்டு. மூணாவது வாயில் பிடிக்க ஆரம்பித்தது. ரூம்மேட், "டேய், இது கஷாயம்டா" என்று சொல்லிவிட்டுக் கீழே இஞ்சி டீ குடிக்கப் போய்விட்டான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, இந்த இலைக்கும் ஒரு நாவல் இருக்குமா என்று தேடினேன். இருக்கிறது. ஆல்ஃப்ரெதோ வரேலா என்ற அர்ஜென்டின எழுத்தாளரின் 'எல் ரியோ ஓஸ்குரோ', 1943. 'இருண்ட நதி' என்று அர்த்தம். அதை வைத்து ஹூகோ தெல் கார்ரில் 1952-ல் ஒரு படமும் எடுத்தார். நாவல், அப்புறம் படம். 'எரியும் பனிக்காடு', 'பரதேசி' போன அதே வழி.

கதைக்களமும் அப்படித்தான். மாத்தே காடுகளில் வேலை செய்தவர்களுக்கு மென்சூ என்று பேர். பொசாதாஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் ஆள் பிடிப்பவர்கள் முன்பணம் கொடுப்பார்கள். அந்தக் காசு அதே ஊரில் குடியிலும் கூத்திலும் கரைந்து போகும். அப்புறம் பரானா ஆற்றில் படகு ஏறிக் காட்டுக்குள். அங்கே சாமான் வாங்க முதலாளியின் கடை, கடன் கணக்கு, தப்பி ஓடினால் துப்பாக்கி. வெட்டிய இலையைப் பெரிய பொதியாகக் கட்டி முதுகில் ஏற்றி, நெற்றியில் ஒரு பட்டையைக் கொடுத்துச் சுமப்பார்கள். வால்பாறைப் பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கிற பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரஃபேல் பார்ரெத் என்ற எழுத்தாளர் பராகுவே மாத்தே காடுகளில் நடப்பது அடிமைத்தனம் என்று 1908-லேயே கட்டுரைகளாக எழுதினார்.

இவங்க யாரும் நம்ம மேஸ்திரிகளைச் சந்தித்தது இல்லை. ஸ்பானிஷ் பேசும் முதலாளிக்கும் இங்கிலீஷ் பேசும் துரைக்கும் ஒரே டெக்ஸ்ட்புக் கிடையாது. ஆனாலும் ரெண்டு இடத்திலும் ஒரே டிசைன். இலை தொலைவான காட்டில் விளைகிறது, ஆள் வேறு ஊரில் பசியோடு இருக்கிறான், ஆளை அங்கே கொண்டு போய் நிறுத்தவும் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளவும் மலிவான வழி கடன். இந்த மூணும் சேர்கிற இடத்தில் எல்லாம் இந்த மெஷின் திரும்பக் கண்டுபிடிக்கப்படும். ஆகவே இதை வரலாறு என்று மூடி வைக்க முடியாது. அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நாவலோடு டீ குடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம்ம எஸ்டேட்டில்

சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை ஒன்றில் நின்று பாருங்க. தமிழை விட ஹிந்தியும் ஒடியாவும் அதிகம் கேட்கும். ஒரு டீ, ஒரு பொறை, போனில் வீட்டோடு வீடியோ கால். இவர்களில் பலரை இங்கே கூட்டி வந்தது ஒரு ஒப்பந்தக்காரர். எல்லா ஒப்பந்தக்காரரும் கருப்பனைக் கூட்டிப்போன மேஸ்திரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாவலைப் படித்த பிறகு கேட்க ரெண்டு கேள்வி கிடைக்கும். கிளம்பும்போது முன்பணம் வாங்கினாயா? கணக்கு யார் கையில் இருக்கிறது? கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்காக 1979-லும் நம் நாடு தனித்தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1979 சட்டம் ஊர் விட்டு வருபவருக்கு இடப்பெயர்வுப் படி, பயணப் படி ரெண்டும் கொடுக்கச் சொன்னது. இடப்பெயர்வுப் படியைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னார்கள்? வழிச்செலவைக் கடனில் ஏற்றுகிற பழக்கம் எவ்வளவு பழசு என்பது கருப்பன் கதையைப் படித்தால் விளங்கும்.

அடுத்து, நம்ம கதை. ஃபைனல் இயர்காரங்களுக்குப் பிளேஸ்மென்ட் சீசன். கையில் ஆஃபர் லெட்டர், பின்னாடி நாலு பக்கம் சர்வீஸ் அக்ரிமென்ட். இத்தனை வருஷம் வேலை செய்யாமல் போனால் ட்ரெய்னிங் செலவாக இத்தனை லட்சம் கட்டு. சில இடங்களில் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வதாக சீனியர்கள் சொல்கிறார்கள். ஒரு வேலையை விட்டு அடுத்த வேலைக்குப் போகும்போது ரிலீவிங் லெட்டர் வேண்டும். துண்டு ஞாபகம் வருதா?

இங்கே ஒரு பிரேக் போடுகிறேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோடு எழுதப் போகிற நாம், மலேரியாவில் குழந்தையைப் பறிகொடுத்தவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வது அசிங்கம். நமக்குப் படிப்பு இருக்கிறது, போன் இருக்கிறது, கீழே இறங்க பஸ் இருக்கிறது. எல்லா பாண்டும் மோசடியும் இல்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூணு வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. ஆகவே "பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது மச்சி" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஃபார்வர்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க. இன்னொரு பக்கம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, பேப்பரில் எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்க முடியும் என்கிறது. மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்திருக்கிறது.

கருப்பனுக்கும் நமக்கும் இருக்கிற வித்தியாசமே இதுதான்: நமக்குப் படிக்கத் தெரியும். கணக்கு நோட்டு எப்படி வேலை செய்யும் என்று 300, 400 பக்கத்தில் ஒரு டாக்டர் காட்டிக் கொடுத்த பிறகும், பிளேஸ்மென்ட் நாளில் "எங்கண்ணா சைன் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டால், நம்ம பி.இ. டிகிரி கைநாட்டுக்கு மேல் ஒரு படி கூட இல்லை.

"டீ குடிக்கவே விடமாட்டியா?"

இதை ஹாஸ்டலில் பேசியபோது வந்த எதிர்ப்பு: "ஒரு டம்ளர் டீ குடிக்கிறதுக்கு இவ்ளோ ஃபீல் பண்ணணுமா?" நியாயமான கேள்வி. பாவ உணர்ச்சியை டீயில் கலந்தால் அதுவும் ஒரு ஃப்ளேவர்தான். ரெண்டு நொடியில் போய்விடும். டீயை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அது தோட்டத்தில் இருப்பவர் வயிற்றில்தான் அடிக்கும்.

மாஞ்சோலையைப் பாருங்க. திருநெல்வேலி மாவட்டத்து மலையில், சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனி எடுத்த 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு. அங்கே வேலை பார்த்தவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணி ஆற்றில் இறந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. இவ்வளவுக்குப் பிறகும், குத்தகை 2028-ல் முடியப் போகிற நிலையில் 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை மூடக் கிளம்பியபோது, தொழிலாளர்களில் பலர் கேட்டது என்ன? "எங்களைக் கீழே அனுப்பாதீங்க. அரசாங்கத்தோட டான்டீ எடுத்து நடத்தட்டும்." மூணு நாலு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்த பிறகு, கடனுக்காக ஏறிய மலைதான் அவர்களுக்கு ஊர். அந்த டான்டீயே, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த நம் மக்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் இருந்து வளர்ந்தது.

வால்பாறையும் நாவலில் வருகிற மாதிரியே இன்றைக்கு இல்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிற்சங்கங்கள், டேனியல் மாதிரி ஆட்கள் எல்லாம் சேர்ந்து வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வாங்கினார்கள். யாரும் டீ குடிப்பதை நிறுத்தியதால் இது நடக்கவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து காட்டு என்று கேட்டதால் நடந்தது.

சரி, என்ன பண்ணலாம்?

பெரிசா ஒண்ணும் இல்லை. மூணு விஷயம்.

ஒண்ணு, நம்ம லைப்ரரியில் 'எரியும் பனிக்காடு' ரெண்டு காப்பி வாங்கச் சொல்லி ரெக்வஸ்ட் கொடுங்க. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நூலகர் மறுக்கமாட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் தமிழ் நாவல் கஷ்டம் என்று பயப்படுகிறவங்களுக்கு: நானும் அந்த மீடியம்தான். முதல் இருபது பக்கம் மெதுவாகப் போகும். மேஸ்திரி ஊருக்குள் வந்த பிறகு பக்கம் தானாகப் புரளும். தமிழே வேண்டாம் என்றால் மூலமே ஆங்கிலம்தான்.

ரெண்டு, படிக்கும்போது டீ குடிங்க. இஞ்சி, ஏலக்காய், எலுமிச்சை, கிடைத்தால் மாத்தே, எது வேண்டுமானாலும். ஒரு அத்தியாயத்துக்காவது ஃப்ளேவர் இல்லாத கட்டன் சொல்லுங்க. இலை எப்படி இருக்கும் என்று நாக்குக்கும் தெரியட்டும். பாக்கெட்டைத் திருப்பி எந்தத் தோட்டம் என்று தேடிப் பாருங்க. பெரும்பாலான பாக்கெட்டில் அது இருக்காது. ஏன் இல்லை என்று யோசிப்பதும் வாசிப்புதான்.

மூணு, இந்த வருஷம் ஆஃபர் லெட்டர் வாங்கப் போகிறவங்க, சைன் பண்ணும் முன் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் எடுத்து நாலு விஷயம் பாருங்க. வேலையை விட்டால் எவ்வளவு கட்டணும்? அந்தத் தொகை எந்தச் செலவுக்கு என்று எழுதியிருக்கா? மாசம் போகப் போகக் குறையுமா, இல்லை கடைசி நாள் வரை அப்படியே நிற்குமா? ஒரிஜினல் சர்டிஃபிகேட் யார் கையில் இருக்கும்? பதில் தெரியாவிட்டால் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்க, வாயால் கேட்காதீங்க. எழுத்தில் வந்த பதில் உங்க பக்கத்துக் கணக்கு நோட்டு.

போட்டோ எடுக்கிறவங்க தாராளமாக எடுங்க. புத்தகத்தின் அட்டை மட்டும் தெரிகிற மாதிரி வைங்க. யாராவது ஒருத்தர் கமென்ட்டில் "எந்த புக் இது?" என்று கேட்பாங்க.